காயத்துக்குப் பிந்திய நாட்கள்

எரிக்கோவுக்குச் செல்லும் பாதையில் குற்றுயிராய்க் கிடந்தவனைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை நாம் சிறு வயது முதல் கேட்டு வருகிறோம். மறைக்கல்வி வகுப்பில் படமாக வரைந்திருக்கிறோம். பங்குத் திருநாள்களில் நாடகமாக நடித்தும் இருக்கிறோம். நாடகத்தில் திரை விழுவது பெரும்பாலும் சமாரியன் அவன் காயங்களைக் கட்டி வாகனத்தில் ஏற்றும் இடத்தில்தான். ஆனால் கதை அங்கே முடியவில்லை. மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக் காசுகளைக் கொடுத்து, மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிச் செல்கிறான் அவன். அந்த மறுநாளை மேடையில் காட்டுவது கடினம். அதில் கள்வருமில்லை, இரத்தமுமில்லை. ஒரு கணக்கு மட்டுமே இருக்கிறது.

போரில் உறுப்பிழந்து வீடு திரும்பிய படைவீரரைப் பற்றி எழுத அமர்ந்தபோது நமக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்தக் கணக்குதான்.

டிசம்பர் 7-ஆம் நாள் கொடிநாள். 1949-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் இது கடைப்பிடிக்கப்படுகிறது. சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என முப்படைகளையும் குறிக்கும் சிறு கொடியைப் பள்ளிச் சிறுவர் நீட்ட, நாமும் உண்டியலில் காசு போட்டு அதைச் சட்டையில் குத்திக்கொள்கிறோம். சட்டை துவைக்கப் போகும்போது கொடியும் போய்விடுகிறது.

மயிலைப் பகுதியில் நாம் நன்கறிந்த பங்கு ஒன்றிலே, ஞாயிறு முதல் திருப்பலிக்கு ஊன்றுகோலுடன் வந்து கடைசி வரிசையில் அமரும் பெரியவர் ஒருவர் இருந்தார். நற்கருணை வாங்க அவர் முன்னே வருவதில்லை. குருவானவரே அவரிடம் இறங்கிச் செல்வார். சர்க்கரை நோயால் கால் போயிற்று என்றே பலரும், நாம் உட்பட, எண்ணியிருந்தோம். அவருடைய அடக்கத்தன்று மனைவியார் ஒரு பழைய தகரப் பெட்டியைத் திறந்து பதக்கங்களை எடுத்துச் சவப்பெட்டியின்மேல் வைத்தபோதுதான் 1971-ஆம் ஆண்டுப் போரில் காலிழந்தவர் அவர் என்று தெரியவந்தது. ஆண்டுதோறும் கொடிநாளுக்குக் காசு போட்ட நாம், ஒருநாளேனும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசியதில்லை.

வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறோம். ஏனெனில், இதே நகரில் இதைவிட நன்றாய்ச் செய்தவர்கள் இருந்திருக்கிறார்கள்.

முதல் உலகப்போர் மூண்ட 1914-இல் சென்னை மாகாண மக்கள் நிதி திரட்டி, காயமுற்ற வீரருக்காக ஒரு மருத்துவக் கப்பலையே அனுப்பினார்கள். 'மெட்ராஸ்' என்பதே அதன் பெயர். இது இன்று பலருக்குத் தெரியாது. ஆயினும் நாம் விரிவாகச் சொல்ல விரும்புவது அடுத்த போரின் கதையை.

1942 ஏப்ரலில் ஜப்பானியக் கடற்படை வங்காள விரிகுடாவுக்குள் புகுந்து கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம் முதலிய இடங்களைத் தாக்கிற்று. சென்னை கிடுகிடுத்தது. அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன; மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் வெளியேறினர். வீடுகள் வெறிச்சோட, மறுபுறம் நகரைச் சுற்றிலும் படைமுகாம்கள் பெருகின. மொழி தெரியாத ஊரில் வந்திறங்கிய இளைஞர்கள். பிறகு பர்மா எல்லையிலிருந்து காயத்தோடும் மலேரியாக் காய்ச்சலோடும் திரும்பியவர்கள். இவர்களை யார் கவனிப்பது?

முன்வந்தவர் மேரி கிளப்வாலா என்ற அம்மையார். மேரி என்ற பெயரைக் கேட்டதும் நம்மவர் என்று எண்ணிவிட வேண்டாம். அவர் பார்சி சமயத்தவர். 1909-இல் உதகமண்டலத்தில் பிறந்தவர். பதினெட்டு வயதில் மணமாகி, 1935-இல் கணவரை இழந்து, சிறு மகனோடு தனித்து நின்றவர். துயரத்தை வீட்டுக்குள் வைத்துப் பூட்டாமல், 1923 முதல் சென்னையில் இயங்கிவந்த கில்ட் ஆஃப் சர்வீஸ் என்னும் சேவைச் சங்கத்தின் பணியில் இறங்கினார். 1942-இல் இந்திய விருந்தோம்பல் குழு என்ற அமைப்பைத் தொடங்கி, இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி என்று பாராமல் நகரப் பெண்களைத் திரட்டினார்.

அவர்கள் செய்தவை பெரிய காரியங்கள் அல்ல. நடமாடும் சிற்றுண்டிச் சாலைகளை முகாம்களுக்கு ஓட்டிச் சென்றார்கள். மருத்துவமனை வார்டுகளில் கட்டில் கட்டிலாகச் சென்று வீரர்களைப் பார்த்தார்கள். படுத்த படுக்கையாயிருந்தவர்களுக்குக் கைவேலையும் பொழுதுபோக்கும் கற்பித்தார்கள். கைவேலைதானே என்று நாம் அலட்சியமாக நினைக்கலாம். ஒரு காலை இழந்து கூரையைப் பார்த்தபடி மாதக்கணக்கில் படுத்திருப்பவனுக்கு, விரல்கள் ஏதேனும் ஒன்றை உருவாக்குவதே தான் இன்னும் பயனுள்ளவன் என்பதற்கு முதல் சான்று. இன்று மருத்துவர்கள் இதைத் தனிச் சிகிச்சையாகவே நடத்துகிறார்கள்.

குழு ஒரு போர் நிதியையும் ஏற்படுத்தி, வீரர்க்கும் அவர்தம் குடும்பங்களுக்கும் உதவியது. நம் நெஞ்சைத் தொடுவது இதற்கடுத்த செய்திதான். 1945-இல் போர் முடிந்தது. வெற்றி விழாக்களும் முடிந்தன. உறுப்பிழந்தோருக்கும் அவர் குடும்பங்களுக்கும் வாழ்வு அமைத்துக் கொடுக்கும் வேலை மட்டும் அதன் பின்னரும் தொடர்ந்தது. பர்மாப் போர்முனையில் வென்று திரும்பிய பதினான்காம் படை, நன்றிக்கு அடையாளமாக ஒரு ஜப்பானிய வாளை அம்மையாருக்கு அளித்தது. படையினரின் அன்புக்குரியவர் என்று தளபதி கரியப்பா அவரைப் போற்றினார். நல்ல மனம் மட்டும் போதாது, தொண்டுக்கும் பயிற்சி வேண்டும் என்று உணர்ந்ததாலோ என்னவோ, 1952-இல் சென்னை சமூகப்பணிக் கல்லூரியைத் தோற்றுவித்ததும் இவரே. எழும்பூர் காசா மேஜர் சாலையில் அது இன்றும் இருக்கிறது. 1975-இல் பத்ம விபூஷண் விருது பெற்ற அவர், அவ்வாண்டிலேயே மறைந்தார்.

நகரத்தின் ஆதரவு எல்லாப் போர்வீரர்க்கும் ஒன்றுபோல் கிடைத்துவிடவில்லை. 1987 ஜூலை உடன்பாட்டின்படி இலங்கைக்குச் சென்ற இந்திய அமைதிப்படையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். காயமுற்றோர் அதைவிடப் பல மடங்கினர். 1987 நவம்பர் 25-இல் மார்பில் குண்டு பாய்ந்தபின்னும் போரிட்டு உயிர்நீத்த மேஜர் ராமசாமி பரமேசுவரனுக்குப் பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது. ஆயினும் 1990 மார்ச்சில் கடைசி அணி சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி வரவேற்கச் செல்லவில்லை. ஈழத்தமிழர் துயரத்தில் பங்குகொண்ட தமிழகத்தின் மனநிலை அதுவாகவே இருந்தது. 1987 அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனையில் மருத்துவரும் தாதியரும் நோயாளரும் சுட்டுக் கொல்லப்பட்ட கொடுமையை எவரால் மறக்க முடியும்? அகதி முகாம்களுக்கு அரிசி சுமந்து சென்ற நம் குடும்பங்களுக்கு அந்த வேதனை நன்கு தெரியும். அதே வேளையில், ஆணையை ஏற்றுச் சென்று கண்ணிவெடியில் பாதம் இழந்து வந்த சாதாரணச் சிப்பாயும் நம் தெருக்காரனாக இருந்தான். இரண்டு துயரங்களையும் ஒரே நெஞ்சில் ஏந்துவது எளிதன்று. எளிதல்ல என்பதால் பலர் ஒன்றை இறக்கி வைத்துவிட்டார்கள்.

இங்கே நம் சிந்தனை இத்தாலியின் கஸ்திலியோனே என்னும் சிற்றூருக்குச் செல்கிறது. 1859 ஜூன் 24-இல் அருகிலுள்ள சொல்பெரினோவில் பிரெஞ்சு, சார்தீனியப் படைகளும் ஆஸ்திரியப் படையும் மோதின. மாண்டோரும் காயமுற்றோருமாக ஏறக்குறைய 40,000 பேர். காயமுற்ற ஆயிரக்கணக்கானோர் கஸ்திலியோனேயில் வந்து குவிந்தார்கள். கோவில் கதவுகள் திறக்கப்பட்டன. பீடத்தின் முன்னும் வைக்கோல் பரப்பப்பட்டது. ஊர்ப் பெண்கள் வீட்டுத் துணிகளைக் கிழித்துக் கட்டுப் போட்டார்கள், தண்ணீர் சுமந்தார்கள். ஆஸ்திரியன் பகைவனாயிற்றே என்று அவர்கள் ஒதுக்கவில்லை. எல்லாரும் சகோதரர்களே என்றார்கள். வேறொரு வேலையாய் அவ்வழி வந்த ஜெனீவா வணிகர் ஹென்றி டுனாண்ட் இதைக் கண்டு, தாமும் அவர்களோடு சேர்ந்து உழைத்தார். அந்த அனுபவத்தை 1862-இல் நூலாக எழுதினார். அதிலிருந்து செஞ்சிலுவைச் சங்கம் பிறந்தது. 1901-இல் முதல் நொபெல் அமைதிப் பரிசும் அவருக்குக் கிடைத்தது. டுனாண்ட் புரட்டஸ்தாந்து சபையினர். அவருக்குப் பாடம் கற்பித்தவர்களோ ஒரு கத்தோலிக்கப் பங்கின் பெண்கள். அவர்கள் பெயர் எதுவும் நமக்குத் தெரியாது.

காயம் ஆறிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது காயமுறாதவர்களின் எண்ணம். காலை வெட்டியெடுத்த பின் எஞ்சிய பகுதி மாதங்கள் செல்லச் செல்லச் சுருங்கும். அளவெடுத்துச் செய்த செயற்கைக்கால் பொருந்தாமல் போகும். தோல் உரசிப் புண்ணாகும். இல்லாத காலில் வலிக்கிறது என்று நடுநிசியில் எழுந்து உட்காருபவர்கள் உண்டு. அது கற்பனையன்று, மெய்யான நோவே. முதுகெலும்பில் குண்டு பட்டவரின் நிலை இன்னும் கடினம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். இரவிலும் அப்படித்தான். கணவன் படையிலிருந்து விடுபட்டான். மனைவிக்கு அன்று தொடங்கியது இரவுக்காவல். அவளுக்குப் பதக்கம் தருவார் யாருமில்லை.

அரசு கைவிட்டுவிட்டது என்று சொல்ல மாட்டோம். பூனாவில் 1944 முதல் படையினரின் செயற்கை உறுப்பு நிலையம் இயங்குகிறது. அங்கே கிர்க்கியில் உள்ள குயின் மேரி தொழிற்பயிற்சி நிலையம், முதல் உலகப்போரில் உறுப்பிழந்தோர்க்காக 1917-இல் பம்பாயில் தொடங்கப்பட்டது. தொடங்கிவைத்த லேடி வெலிங்டன், பின்னர் கணவர் ஆளுநராக வந்தபோது நம் சென்னையிலும் வாழ்ந்தவர். ஆனால் நிலையங்கள் செய்ய முடிந்தது ஓரளவுதான். 1965-ஆம் ஆண்டுப் போரில் முதுகெலும்பில் குண்டு தாங்கி இடுப்புக்குக் கீழ் செயலிழந்த முரளிகாந்த் பேட்கர், 1972-இல் ஹைடல்பர்க் நகரில் நடந்த மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்றார். அவர் அங்கே போய்ச் சேரப் பயணச் செலவுக்கு உதவியது கிரிக்கெட் வீரர் விஜய் மெர்ச்சன்ட் நடத்திய தொண்டு அமைப்பு என்பர். நம் தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981-இல் நிறுவிய திரு. எஸ். ராமகிருஷ்ணன், 1976 ஜனவரியில் கடற்படை அதிகாரித் தேர்வின் இறுதிக் கட்டத்தில் விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர். தம்மைப் பேணிய விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரையே தம் சங்கத்துக்குச் சூட்டினார். பிறர் கவனித்ததால் எழுந்தவர், ஆயிரக்கணக்கான பிள்ளைகளை எழுப்பிவிட்டார்.

2014 ஏப்ரலில் மேஜர் முகுந்த் வரதராஜனின் உடல் பெசன்ட் நகர் மயானத்துக்கு வந்தபோது அடையாறே திரண்டு நின்றது. 2024-இல் அவர் வாழ்வைச் சொல்லும் திரைப்படத்துக்கும் குடும்பம் குடும்பமாகச் சென்று கண்ணீர் விட்டோம். அது தகும். உயிரோடு திரும்பியவனுக்கு ஊர்வலம் இல்லை. அவன் தியாகராய நகரில் ஒரு கடை வாசலில் காவலனாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான். தீபாவளிக் கூட்டத்தில் அவனைத் தள்ளிக்கொண்டு நாம் உள்ளே போவோம்.

அவனுக்கும் அவன் குடும்பத்துக்கும் பெரும்பாலும் வேண்டியிருப்பது பணத்தைவிடத் துணை. முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மாவட்டந்தோறும் இருக்கிறது. 2003 முதல் மருத்துவத் திட்டமும் உண்டு. ஊனத்துக்குத் தனி ஓய்வூதியம் உண்டு. இருப்பதை அறிந்து, தாளைச் சேர்த்து, வரிசையில் நின்று பெறுவதற்குத்தான் ஆள் இல்லை. படைத்துறை ஓய்வூதியம் முழுவதும் இப்போது கணினிவழி நடக்கிறது. அந்த ஏற்பாட்டின் பெயர் 'ஸ்பர்ஷ்'. தொடுதல் என்று பொருள். தொடுதிரையைத் தொட்டறியாத முதியவளுக்கு இந்தப் பெயரின் நயம் விளங்குமா என்பது ஐயமே. நம் பங்குகளில் புனித வின்சென்ட் தே பவுல் சபையும் மரியாயின் சேனையும் வீடு சந்திக்கின்றன. கைப்பேசியை இமைப்பொழுதில் இயக்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். இவ்விருவரும் சேர்ந்து ஒரே வீட்டுக்குப் போவதை மட்டும் நாம் அதிகம் கண்டதில்லை.

சென்ற நவம்பரில், முன்சொன்ன பெரியவரின் மனைவியாரை வாழ்வுச் சான்று பதிவு செய்ய அழைத்துச் சென்றோம். தாமதமாக வந்த ஞானம்தான். ஐம்பதாண்டு காலம் பாத்திரம் தேய்த்த கட்டைவிரலில் ரேகை மங்கியிருந்தது. கருவி மூன்று முறை மறுத்தது. பின்னர் முகத்தைக் காட்டிப் பதிவு செய்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. காத்திருந்த நேரத்தில்தான், கணவருக்குக் கடைசிவரை சப்பாத்தி என்றால் உயிர் என்றும், கனவில் இந்தியிலேயே கத்துவார் என்றும், இரண்டு முறை செயற்கைக்கால் மாற்ற அவருடன் பூனா வரை தனியாகப் போய் வந்ததாகவும் சொன்னார்.

திரும்பும் வழியில் லஸ் கோவிலில் சற்று நேரம் இருந்துவிட்டுப் போகலாம் என்றார். வாசற்படியில் நம் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த நவம்பர்லயும் வருவீங்களா?" என்று கேட்டார். வருவதாகச் சொல்லி, அவர் வீட்டு எண்ணையும் ஓய்வூதியப் புத்தகம் இருக்கும் அலமாரியையும் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டோம்.