நெல் ஆலைகளில் நீராவிச் சிக்கனம்
ஸ்டீம் டிராப்களைச் சீராக வைத்திருப்பதனால் உண்டாகும் ஆதாயம்

வயலுக்குப் பாய்ச்சும் வாய்க்கால் எவ்வளவு அவசியமோ, மிகுந்த நீரை வெளியேற்றும் வடிகாலும் அவ்வளவு அவசியம் என்பதை விவசாயிகள் நன்கு அறிவார்கள். வடிகால் அடைபட்டால் பயிர் அழுகும். வடிமடை திறந்தே கிடந்தால் பாய்ச்சிய நீர் முழுவதும் வீணாகும். புழுங்கல் அரிசி ஆலைகளிலுள்ள நீராவிக் குழாய்களுக்கும் இந்த விதி அப்படியே பொருந்தும். அங்கே வடிமடையின் வேலையைச் செய்வது, கைப்பிடி அளவே உள்ள ஓர் இரும்புக் கருவி. ஆலைக்காரர்கள் இதனை ஸ்டீம் டிராப் என்று வழங்குவர். ஆரணி, காங்கயம் முதலிய ஊர்களிலும் காவிரிப் பாசனப் பகுதியிலும் உள்ள ஆலைகளில் தம் நெல்லைப் புழுக்கி அரைத்துக் கொள்ளும் மிராசுதார்களும், கூட்டாக ஆலை நடத்தும் விவசாயிகளும் இதன் தன்மையைத் தெரிந்து கொள்வது நலம். இக்கருவி பழுதுபட்டால் உமியும் நஷ்டம், அரிசியும் நஷ்டம்.

நீராவி செய்யும் வேலை

ஒரு கிலோ நீரை 30 பாகை உஷ்ணத்திலிருந்து 100 பாகைக்குக் கொண்டுவர 70 கிலோ கலோரி வெப்பம் போதும். கொதிக்கும் அந்நீரை ஆவியாக்குவதற்கோ மேலும் 540 கிலோ கலோரி வேண்டும். ஆவி மீண்டும் நீராகும்பொழுது அவ்வளவு வெப்பத்தையும் வெளிவிடுகிறது. நீராவியின் பிரயோஜனம் முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

நவீன ஆலைகளில் நீராவி மூன்று இடங்களில் உபயோகமாகிறது. ஊறவைக்கும் நீரைச் சுமார் 70 பாகைக்குச் சூடேற்றுவது முதலாவது. ஊறிய நெல்லைத் தொட்டியிலே புழுக்குவது இரண்டாவது. இங்கே நீராவி நேரே நெல்லுக்குள் புகுகிறது. புழுங்கிய நெல்லை உலர்த்துவதற்கான காற்றைச் சூடேற்றுவது மூன்றாவது. இதில் நீராவி குழாய்க் கூண்டுக்குள் நின்று வெப்பத்தை மட்டும் கொடுத்துவிட்டு நீராகிறது. புழுங்கிய நெல்லில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரம் இருக்கும். அதனை 14 சதவிகிதத்திற்குக் குறைப்பதானால், ஈரத்தோடு 1,000 கிலோ எடையுள்ள நெல்லிலிருந்து சுமார் 230 கிலோ நீரை அகற்றியாக வேண்டும். ஆகவே உலர்த்துவதற்கே வெப்பம் மிகுதியாகச் செலவாகிறது.

கூண்டிலும் குழாய்களிலும் இவ்வாறு நீரான ஆவியை உடனுக்குடன் வெளியேற்ற வேண்டும். அதனோடு, ஆலை நின்றிருந்தபொழுது குழாய்க்குள் புகுந்த காற்றையும் வெளியேற்ற வேண்டும். ஆனால் ஆவியை மட்டும் தப்ப விடலாகாது. ஸ்டீம் டிராப்பின் கடமை இதுவே.

பழுது இருவகை

முதல் வகை, டிராப்பின் வாய் அடைபட்டுப் போதல். அப்பொழுது கூண்டின் அடிப்பாகத்தில் நீர் தேங்கி, வெப்பம் கொடுக்கும் பரப்புக் குறைகிறது. காற்றின் சூடு தணிகிறது; உலர்த்த அதிக நேரம் பிடிக்கிறது. மழைக்காலத்தில், களத்தில் காயவைக்க வழியில்லாதபொழுது, ஈர நெல் குவியலாகக் கிடந்தால் புளித்த வாடையும் நிற மாற்றமும் ஏற்படும். பிரதானக் குழாயில் நீர் தேங்கினால், ஈரம் மிகுந்த ஆவி புழுக்கும் தொட்டிக்குச் சென்று, நெல் ஒரு பக்கம் வெந்தும் ஒரு பக்கம் வேகாமலும் போகும். வேகாத நெல் அரைக்கும்போது நொய்யாக உடையும். இந்த நஷ்டம் நெல்லின் சொந்தக்காரரையே சேருகிறது. இவையன்றி, தேங்கிய நீரை ஆவி வேகமாகத் தள்ளிக் கொண்டு போய் வளைவுகளில் மோதுவதால் குழாய் இடிக்கும் சப்தம் கேட்கும். மூட்டுகள் பிளந்து ஆட்களுக்கு உயிராபத்தும் நேரிடக் கூடும்.

இரண்டாவது வகை, வாய் மூடாமல் திறந்தே நிற்றல். இதனால் வேலை தடைப்படுவதில்லை. ஆகையால் ஒருவரும் கவனிப்பதில்லை. சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ அழுத்தமுள்ள குழாயில், 3 மில்லிமீட்டர் துவாரமுள்ள டிராப் ஒன்று முற்றும் திறந்து நின்றால், மணிக்குச் சுமார் 24 கிலோ நீராவி வீணாகும். உமி எரிக்கும் கொதிகலனில் ஒரு கிலோ உமிக்கு மூன்றரைக் கிலோ ஆவி கிடைப்பதாக வைத்துக் கொண்டால், மணிக்கு ஏறத்தாழ 7 கிலோ உமி நஷ்டம். நாளொன்றுக்கு 20 மணி நேரம் ஆலை ஓடினால் 140 கிலோ ஆகிறது. நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே உமி. எனவே 700 கிலோ நெல்லிலிருந்து கிடைக்கும் உமி முழுவதும் ஒரே டிராப் வழியாகத் தினந்தோறும் காற்றோடு போகிறது. வருஷத்தில் 250 நாள் வேலை நடந்தால் 35 டன் உமி வீண். செங்கல் சூளைக்கும் பிற தொழிற்சாலைக் கொதிகலன்களுக்கும் விலைக்குப் போகும் பொருள் அது.

மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் பராமரிப்பில்லாமல் விடப்பட்ட நீராவி அமைப்புகளில், 100 டிராப்களுக்கு 15 முதல் 30 வரை பழுதுபட்டிருக்கக் கூடும் என்று அமெரிக்க ஐக்கிய நாட்டு எரிசக்தி இலாகா தெரிவித்திருக்கிறது. ஒழுங்காகப் பரீட்சித்து வரும் இடங்களில் ஒழுகும் டிராப்கள் 100க்கு 5க்கும் குறைவாகவே இருத்தல் வேண்டும் என்பது அதன் மதிப்பு.

இடத்திற்கேற்ற வகை

டிராப்களில் பல வகை உண்டு. மிதவைப் பந்து உள்ள வகை, நீர் சேரச் சேர இடைவிடாமல் வெளியேற்றும், காற்றையும் போக்கும். ஆகவே உலர்த்தும் யந்திரத்தின் கூண்டுக்கு இது மிகவும் ஏற்றது. கவிழ்த்த வாளி போன்ற உறுப்புள்ள வகை, குழாய் இடிப்பதையும் தாங்கக் கூடியது. ஆனால் காற்றை மெதுவாகவே வெளியேற்றும். சிறு தட்டு மேலெழுந்து தாழும் வகை, விலை குறைந்தது, சிறியது. பிரதானக் குழாய்க்கு உகந்தது. தட்டின் முகம் தேய்ந்தால் ஓயாமல் அடித்துக் கொண்டு ஆவியை விடும். உஷ்ணத்தால் விரியும் உறுப்புள்ள வகை, நீர் சற்று ஆறிய பின்னரே திறப்பதால், உடனுக்குடன் நீர் வடிய வேண்டிய இடங்களுக்குப் பொருந்தாது.

எந்த வகையாயினும் அளவு மிகப் பெரிதாக இருத்தல் கூடாது. ஒவ்வொரு கூண்டுக்கும் தனித்தனி டிராப் வேண்டும். பல கூண்டுகளுக்குப் பொதுவாக ஒன்றை வைத்தால், அழுத்தம் மிகுந்த கூண்டு மற்றவற்றின் நீரை வடிய விடாது. டிராப்புக்கு முன்னால் துருவையும் அழுக்கையும் தடுக்கும் வடிகட்டி இருத்தல் அவசியம். பிரதானக் குழாய் ஆவி செல்லும் திசையில் சற்றே சரிந்திருக்க வேண்டும். 30 முதல் 50 மீட்டருக்கு ஒரு வடிகுழியும் டிராப்பும் அமைப்பது வழக்கம்.

பரீட்சை செய்யும் முறை

பரீட்சை கண், காது, உஷ்ணமானி ஆகிய மூன்றினாலும் நடைபெறும். டிராப்பின் நீர் வெளியே விழுமாறு இருந்தால், நீரோடு சோம்பலாக எழும் வெண்புகையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அழுத்தம் குறைந்ததும் சூடான நீரில் ஒரு பகுதி ஆவியாவது இயல்பு. வாயருகே கண்ணுக்குத் தெரியாமல் வேகமாகச் சீறி, சற்றுத் தூரத்தில் புகையாக விரிந்தால் அது உயிராவி. டிராப் பழுதென்று கொள்ளலாம். காதினால் அறிய, நீண்ட இரும்புக் கம்பியின் ஒரு முனையை டிராப்பில் வைத்து, மறுமுனையைக் காதில் பொருத்திக் கேட்பர். விட்டு விட்டுத் திறக்கும் வகைகளில் இடைவிடாத சீற்றம் கேட்டால் அது ஒழுகுகிறது. நுண்ணொலியை அறியும் மின்கருவிகளும் இப்பொழுது கிடைக்கின்றன. உஷ்ணமானியால் அளக்கையில் டிராப் குளிர்ந்திருந்தால் அடைபட்டிருப்பதாக அறியலாம். ஆனால் ஒழுகும் டிராப்பும் நல்ல டிராப்பும் ஒருங்கே சூடாயிருக்குமாதலால், உஷ்ணத்தை மட்டும் கொண்டு ஒழுக்கை நிச்சயிக்கலாகாது.

சாதாரண ஆலை அழுத்தத்தில் மாதத்திற்கு ஒரு முறையோ, மூன்று மாதத்திற்கு ஒரு முறையோ பரீட்சித்தல் தகும். ஒவ்வொரு டிராப்புக்கும் எண் இட்டு, பரீட்சித்த தேதியையும் கண்ட குறையையும் பதிவேட்டில் எழுத வேண்டும். கழற்றும் வேலையைத் தேர்ச்சி பெற்ற கொதிகலன் ஊழியர், அழுத்தத்தை முற்றும் இறக்கிய பின்னரே செய்தல் வேண்டும். அஜாக்கிரதையால் உண்டாகும் ஆவிச்சூடு கொடியது.

சில ஆலைகளில் உலர்த்துவது மந்தமானால் டிராப்புக்குப் பக்கத்திலுள்ள பைபாஸ் வால்வைத் திறந்து விடுகிறார்கள். நீர் ஓடிவிடுவதால் வேலை நடக்கிறது. கூடவே ஆவியும் ஓடுகிறது. இது நோயை மறைக்கும் மருந்தேயன்றித் தீர்க்கும் மருந்தன்று.

வடிநீரைத் திருப்புதல்

டிராப்பிலிருந்து வடியும் நீரைச் சாக்கடையில் விடுவது மற்றொரு நஷ்டம். 7 கிலோ அழுத்தத்தில் ஆவியிலுள்ள மொத்த வெப்பத்தில் ஏறக்குறைய கால் பங்கு அந்நீரில் தங்கியிருக்கிறது. மேலும் அது உப்பில்லாத நீர். கொதிகலனில் காரை படியாது. கொதிகலனுக்குச் செல்லும் நீரின் உஷ்ணம் 6 பாகை உயர்ந்தால், எரிபொருளில் சுமார் 1 சதவிகிதம் மீதமாகும். புழுக்கும் தொட்டிக்குச் சென்ற ஆவி திரும்பாது. ஆனால் உலர்த்தும் கூண்டின் வடிநீரை மட்டும் சேர்த்து, ஊட்டநீரில் பாதியை 80 பாகை உஷ்ணமுள்ளதாகச் செய்தாலும், 30 பாகை நீர் 55 பாகையாகிறது. உமியில் 4 சதவிகிதம் மீதம். திருப்பும் குழாயும் தொட்டியும் வெப்பம் போகாதபடி பொதியப்பட்டிருக்க வேண்டும்.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

கூட்டாக ஆலை நடத்துவோர், ஒரு டன் நெல்லுக்கு எத்தனை கிலோ உமி எரிகிறது என்பதை மாதந்தோறும் குறித்து வருவது முதற்காரியம். அந்த எண் ஏறுமாயின், கொதிகலனைக் குறை கூறுமுன் டிராப்களைப் பரீட்சிக்க வேண்டும். நெல்லைக் கொடுத்து அரைத்து வாங்குவோர், உலர்த்தும் நேரத்தையும் நொய்யின் அளவையும் கவனித்து, வித்தியாசம் கண்டால் காரணம் கேட்கலாம். கிராம அதிகாரிகள் இவ்விஷயத்தை ஆலை நடத்துவோருக்கும் விவசாயிகள் சங்கங்களுக்கும் எடுத்துச் சொல்வது பெரிதும் பயன் தரும். புதிய கொதிகலன் வாங்கப் பெரும் பணம் வேண்டும். இருக்கும் டிராப்களைச் சோதித்துப் பழுதானவற்றை மாற்றுவதற்கோ சிறு தொகையும் ஒழுங்கான கவனமும் போதும். மீதமாகும் உமி அந்தச் செலவைத் தானே ஈடுசெய்துவிடும்.