கரிசல் காட்டு ஓட்டக்காரன்: குட்டி தேடும் அன்பர்களுக்கு

கோடை விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பும் நம்மவர் மூட்டைகளில் வழக்கமாக இருப்பவை வற்றல், வடகம், அப்பளம், மாவடு ஆகியவையே. அண்மைக் காலமாக இவற்றோடு இன்னொன்றையும் கொண்டுவர வேண்டுமென்ற ஆசை பல குடும்பங்களில் எழுந்திருக்கக் காண்கிறோம். நம் நாட்டு வேட்டை நாய்க்குட்டியைத்தான் சொல்கிறோம். 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிரதமர் தமது வானொலி உரையில் இராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பாராட்டிய பிறகு இந்த ஆசைக்கு வேகம் கூடியது. சு. தியடோர் பாஸ்கரன் அவர்கள் இந்திய நாயினங்களைப் பற்றி 2017இல் வெளியிட்ட ஆங்கில நூலைப் படித்து மனம் இளகியவர்களும் நம்மிடையே உண்டு. வெளிநாட்டு நாயையே பெருமையாக எண்ணிய காலம் போய், நம் மண்ணின் நாயைத் தேடும் காலம் வந்திருப்பது மகிழத்தக்கதே.

ஆயினும், தில்லியிலோ மும்பையிலோ மூன்றாம் மாடியில் இரண்டு அறைகளில் குடியிருப்போர் இந்தத் தேடலைக் குட்டியிலிருந்து தொடங்கலாகாது என்பது நம் அபிப்பிராயம். ஏன் என்பதை விளக்க, முதலில் அந்த நாய் பிறந்த நிலத்தைச் சற்றுப் பார்த்துவிட்டு வருவோம்.

மதுரைக்குத் தெற்கே விருதுநகர், சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி என்று பரந்து கிடக்கும் கரிசல் பூமியே கன்னிக்கும் சிப்பிப்பாறைக்கும் தாயகம். மழை குறைந்த வெட்டவெளி; பருத்தி எடுத்து முடிந்த பின் கண்ணுக்கெட்டிய தூரம் மறைப்பில்லாத நிலம். அங்கே ஒரு முயல் கிளம்பினால் மோப்பம் பிடித்து நிதானமாகப் பின்தொடர அவகாசம் இராது. கண்ட மாத்திரத்தில் பாய்ந்தாக வேண்டும். அந்த வேலைக்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட உடல் இது. ஆழ்ந்த மார்பு, முதுகோடு ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள், மெல்லிய தோல், குட்டை ரோமம். முழு வேகத்தில் ஓடும்போது ஒவ்வொரு பாய்ச்சலிலும் இருமுறை நான்கு கால்களும் தரையை விட்டு எழும்பிவிடும். ஓட்டத்தில் இருக்கும்போது அதன் காதில் எந்தக் குரலும் ஏறாது. எஜமானன் அழைப்பதும் ஏறாது. எதிரே வரும் லாரியின் ஒலியும் ஏறாது.

கறுப்பு உடலில் கால்களும் புருவமும் செம்மை பூண்டிருப்பது கன்னி. செவலை, சாம்பல் போன்ற நிறங்களில் இருப்பது சிப்பிப்பாறை. நிறத்தால் மட்டும் வேறுபட்ட ஒரே இனம் என்பாரும் உளர். இரண்டும் தனித்தனி என்று வாதிடுவாரும் உளர். கலியாணமாகிப் போகும் கன்னிப் பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்ததால் அந்தப் பெயர் வந்தது என்று ஒரு கதையும் வழங்குகிறது. இராஜபாளையம் நாய் இவற்றினும் கனத்த உடம்பு, தூய வெண்மை, இளஞ்சிவப்பு மூக்கு உடையது. காட்டுப் பன்றியை எதிர்த்து நின்ற பரம்பரை. 2005இல் அதன் படம் அஞ்சல் தலையிலும் இடம்பெற்றது. தேனிப் பக்கத்து மலையடிவாரத்தைச் சேர்ந்த கோம்பை, கருமூஞ்சியும் செம்பழுப்பு உடலும் கொண்ட காவல்காரன்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் வேட்டை குற்றமாயிற்று. முயலும் சட்டத்தின் காப்பில் உள்ள பிராணியே. அது சரியான சட்டம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் வேலை போன நாய்க்கு ஓடும் ஆசை போய்விடவில்லை. அந்த ஆசையோடுதான் குட்டி நம் வீட்டுப் படியேறி வருகிறது.

ஆகையால் குட்டியை ஆராயுமுன் நம் வீட்டுக் கடிகாரத்தை ஆராய வேண்டும். காலை ஐந்தரை மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் நாயுடன் வெளியே செல்லக்கூடியவர் வீட்டில் யார்? மாலையில் யார்? பள்ளிப் பரீட்சைக் காலத்தில் யார்? குடும்பத் தலைவர் அலுவல் நிமித்தம் வெளியூர் போனால் யார்? ‘பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்’ என்ற பதிலை நாம் ஏற்பதற்கில்லை. இன்று பன்னிரண்டு வயதுப் பையன் ஐந்தாறு ஆண்டுகளில் கல்லூரி விடுதிக்குப் போய்விடுவான். நாயோ பன்னிரண்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் வாழக்கூடியது. கடைசியில் காலை நடை யார் தலையில் விழும் என்பது ஒவ்வொரு வீட்டு அம்மாவுக்கும் தெரியும். அவர் சம்மதம் இல்லாமல் நாய் வாங்கப் புறப்படுவது அநியாயம்.

இதைக் கேட்டு, மாடி வீட்டில் இந்த நாய் வளரவே வளராது என்று எண்ணிவிடவும் வேண்டாம். கண்ணால் வேட்டையாடும் இந்த இனங்களுக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. உயிரை விட்டு ஓடும். ஓடி முடித்தால் பகல் முழுவதும் சுருண்டு கிடந்து தூங்கும். ஓட்டம் கிடைத்த நாய் சிறிய வீட்டிலும் சாதுவாக இருக்கும். கிடைக்காத நாய் செருப்பு, சோபா, கதவு நிலை என்று பல்லைப் பதிக்கும். அல்லது வாளாதே நின்று கத்தும். எனவே வீட்டின் பரப்பளவைக் காட்டிலும், நடந்து போகும் தூரத்தில் சுற்றுச்சுவரோ வேலியோ உள்ள மைதானம் ஒன்று இருக்கிறதா என்பதே முக்கியமான கேள்வி. தெருவிலும் திறந்த பூங்காவிலும் வாரை அவிழ்த்து விடலாகாது. ஓர் அணிலோ பூனையோ போதும், கண்மூடித் திறப்பதற்குள் நாய் அடுத்த சாலையில் இருக்கும்.

குணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. லாப்ரடார் நாயைப் போல வருவோர் போவோரிடமெல்லாம் வாலாட்டும் பிராணி அன்று இது. ஒருவர் இருவரிடம் ஒட்டிக்கொண்டு, அந்நியரிடம் விலகி நிற்கும் இயல்புடையது. அதட்டி அடித்துப் பழக்கினால் முறுக்கிக்கொள்ளும். பிள்ளைகளின் சிநேகிதர்கள் ஓயாமல் வந்துபோகும் வீடானால் சிறு வயதிலேயே மனிதர் கூட்டத்துக்குப் பழக்கியாக வேண்டும். இத்தனையையும் எண்ணிப் பார்த்த பின் ஆசை தணிந்துவிட்டால், அதுவும் நன்மையே. வளர்க்க மாட்டாமல் கைவிடப்படும் நாய்களில் நம் நாட்டு இனங்களும் உண்டு. வேட்டை நாய் தெருவில் பிழைப்பது அரிது. அவ்வாறு மீட்கப்பட்டு, குணம் இன்னதென்று ஏற்கெனவே தெரிந்த வளர்ந்த நாய் ஒன்றை ஏற்பது சில குடும்பங்களுக்குக் குட்டியை விடப் பொருத்தமாகவும் அமையும்.

நிற்க. எண்ணிப் பார்த்த பின்பும் ஆசை நிலைத்திருக்குமாயின், அடுத்த கேள்வி யாரிடம் வாங்குவது என்பது. பேருந்து நிலையத்துக்கே குட்டியைக் கொண்டுவந்து தருகிறேன் என்னும் தரகரைத் தவிர்க்க வேண்டும். குட்டியைக் காட்டுபவர் தாயைக் காட்டத் தயங்கினால் அங்கேயே திரும்பிவிடலாம். 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி வளர்ப்போர் மாநிலப் பிராணிகள் நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கவும் கூடாது. பதிவுச் சான்றைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நல்ல வளர்ப்பாளர் நம்மிடம் கேள்வி கேட்பார். எந்த ஊர், எத்தனையாவது மாடி, பகலில் வீட்டில் யார் என்று குடைவார். பெண் கொடுக்கிற வீட்டார் போல விசாரிக்கிறாரே என்று கோபிக்காமல், அவரிடமே வாங்குவது உத்தமம்.

தேவை பெருகினால் கலப்படமும் பெருகுவது வியாபாரத்தின் இயல்பு. உயரமும் வேகமும் கூட வேண்டுமென்று கிரேஹவுண்டைக் கலந்து, அதையும் சிப்பிப்பாறை என்றே விற்பவர்கள் உண்டு. எட்டு வாரக் குட்டியைப் பார்த்து மட்டும் கலப்பைக் கண்டுபிடிப்பது கடினம். தாயையும், கூடுமானால் தந்தையையும், முன் ஈற்றில் பிறந்து வளர்ந்துவிட்ட நாய் ஒன்றையும் பார்ப்பதே வழி. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள நிறுவனத்தின் பதிவேட்டில் இராஜபாளையம், சிப்பிப்பாறை, கர்நாடகத்து முதோள் ஆகிய மூன்றும் இடம்பெற்றுள்ளன. மும்பை, புனே அன்பர்களுக்கு முதோள் நாயே கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. முதோளுக்கு அருகே திம்மாப்பூரில் கர்நாடகக் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையமே உண்டு. குணத்திலும் ஓட்டத்திலும் அது நம் சிப்பிப்பாறைக்குச் சகோதரன் போன்றது. ஊர்ப் பாசத்தைச் சற்று ஒதுக்கி வைக்க முடிந்தால் அதையும் யோசிக்கலாம்.

தாயைப் பார்க்கும்போது அழகை மட்டும் பார்த்துவிட்டு வரக்கூடாது. அந்நியராகிய நம்மைக் கண்டு அது என்ன செய்கிறது? குரைத்துவிட்டு, வளர்ப்பவர் சொன்னதும் அடங்குகிறதா? அல்லது மூலையில் ஒடுங்கி நடுங்குகிறதா? ஒடுங்கும் தாயின் குட்டிகள் பெரும்பாலும் ஒடுங்கும். பிறப்பாலும் வரும், தாயைப் பார்த்துப் பழகியும் வரும். நகரத்து இரைச்சலில் அப்படிப்பட்ட நாய்க்கு வாழ்வே பெரும் துன்பமாகிவிடும்.

பிறகுதான் குட்டிகள். முதலில் ஓடிவந்து வேட்டியைக் கடித்து இழுக்கும் குட்டியிடமே மனம் போகும். பிள்ளைகள் அதைத்தான் வேண்டும் என்பார்கள். கரிசல் காட்டுக்கு அது ஏற்றது. மாடி வீட்டுக்கு நாம் சிபாரிசு செய்வது, சற்று நின்று பார்த்துவிட்டு, பிறகு தானே வந்து கையை முகரும் குட்டியை. அருகில் ஓர் எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டுப் பார்க்கலாம். எல்லாக் குட்டிகளும் திடுக்கிடும், அதில் தவறில்லை. திடுக்கிட்ட பின் தட்டை முகர்ந்து பார்க்க வருகிறதா என்பதே பார்க்க வேண்டியது. ஒரு பந்தை உருட்டினால் துரத்தாத குட்டி இந்த இனத்தில் அரிது. துரத்திய பின் மனிதரை நாடித் திரும்பும் குட்டி கிடைத்தால் பாக்கியம். ஒரே பார்வையில் முடிவு கட்டாமல், மறுநாள் வேறு வேளையில் போய் மறுபடி பார்க்க வேண்டும். நேற்றுச் சோம்பிக் கிடந்தது பால் குடித்த மயக்கமாகவும் இருக்கலாம்.

இராஜபாளையம் குட்டியானால் ஒரு சோதனையைக் கட்டாயம் செய்தாக வேண்டும். வெண்மைக்குக் காரணமான நிறமின்மை உட்செவியையும் பாதிப்பதால் இந்த இனத்தில் செவிடு மிகுதி. குட்டிகள் கூட்டமாக இருக்கும்போது கை தட்டினால் பயனில்லை. செவிட்டுக் குட்டி மற்றவை திரும்புவதைப் பார்த்துத் தானும் திரும்பிவிடும். தனியே எடுத்துச் சென்று, அதன் கண்ணில் படாமல் பின்னால் நின்று ஒலி எழுப்ப வேண்டும். காலடி அதிர்வும் கைவீச்சின் காற்றும் அதன் மேல் படக் கூடாது. ஒரு காது மட்டும் கேளாத குட்டி இந்தச் சோதனையிலும் தப்பிவிடும்.

மற்றவை கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டியவை. வயிறு மட்டும் உப்பி விலா எலும்பு தெரிந்தால் குடற்பூச்சி இருக்கலாம். தொப்புளில் புடைப்பு உண்டா, கண்ணில் பீளை உண்டா, காதுக்குள் உண்ணி உண்டா என்று நாமும் பார்க்கலாம்.

இனி, கொண்டுவரும் வகை. இரயிலில் நாயை நம்முடன் வைத்துக்கொள்ள வேண்டுமானால், முதல் வகுப்பில் இருவர் கூப்பேயோ நால்வர் அறையோ முழுவதையும் பதிவு செய்தாக வேண்டும். இல்லையேல் கார்டு வண்டியில் உள்ள கூண்டுதான். மே மாதத்தில் நாகபுரி, இட்டார்சி வெயிலில் அந்தக் கூண்டுக்குள் எட்டு வாரக் குட்டியை அனுப்புவதைக் கொலைக்கு அடுத்த செயலாகவே நாம் கருதுகிறோம். விடுமுறையில் ஊர் போனபோது பார்த்துப் பேசி முடித்து வைத்துவிட்டு, ஆவணி, புரட்டாசிக்கு மேல் பிறக்கும் ஈற்றுக்குச் சொல்லி வைப்பதே முறை. ஆனால் தில்லி வாசிகளுக்கு அதிலும் ஒரு தொல்லை. மார்கழிக் குளிரைத் தாங்கும் ரோமம் இந்த நாய்க்கு இல்லை. பழைய கம்பளிச் சட்டை ஒன்றை அதற்கென்று வெட்டித் தைத்து வைக்க வேண்டும்.

வந்து சேர்ந்த முதல் இரண்டு மாதம் ஒரு தர்மசங்கடமான காலம். பார்வோ, டிஸ்டெம்பர் ஆகிய கொள்ளை நோய்களுக்கான தடுப்பூசித் தொடர் பதினாறு வார வயதில்தான் முடியும். அதுவரை வேறு நாய்கள் திரியும் தரையில் விடுவது ஆபத்து. உலகத்தைக் கண்டு அஞ்சாமல் பழகும் பருவமோ பன்னிரண்டு, பதினான்கு வாரங்களில் கழிந்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே வழி ஒன்றுதான்: தரையில் விடாமல், கைக்குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு தினமும் வெளியே போவது. காய்கறிச் சந்தை, ஆட்டோ இரைச்சல், கோயில் மணி, சர்தார்ஜியின் தலைப்பாகை, குடை பிடித்தவர், கோல் ஊன்றியவர் எல்லாவற்றையும் கையிலிருந்தபடியே பார்க்கட்டும். ஊரில் கம்பங்கூழும் தயிரும் தின்று பழகிய குட்டியானால், ஒரு வாரம் அதையே கொடுத்துச் சிறிது சிறிதாக மாற்ற வேண்டும். எலும்பு முற்றும் வரை, அதாவது ஏறக்குறைய ஒரு வயது வரை, சைக்கிளுக்குப் பின்னால் ஓட விடுவதும், மாடிப்படிகளில் ஓயாமல் ஏற்றி இறக்குவதும் கூடாது.

நம் நாயினத்தைக் கண்டிராத மருத்துவர்கள் வடக்கே பலர். மெலிந்த உடலைக் கண்டு இன்னும் தீனி கொடுங்கள் என்பார்கள். கடைசி விலா எலும்புகள் இலேசாகத் தெரிவதே இதற்கு ஆரோக்கியமான உடல் என்று விளக்க வேண்டும். அதனினும் முக்கியமானது மயக்க மருந்து. உடலில் கொழுப்பு மிகக் குறைவாதலால், தயோபென்டோன் போன்ற சில மருந்துகள் இத்தகைய நாய்களின் உடலிலிருந்து எளிதில் நீங்குவதில்லை. மயக்கம் தெளிய நெடுநேரமாகும், உயிருக்கே தீங்கும் வரலாம். கருத்தடையோ வேறு சிகிச்சையோ எதுவானாலும், இது கிரேஹவுண்டைப் போன்ற உடல்வாகு என்று முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். அவசர வேளையில் நாயுடன் போவது யாராக இருக்குமோ தெரியாது. தடுப்பூசி அட்டையின் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையால் எழுதி வைத்துவிடுவது நலம்.