டாலர் 90 ரூபாயைத் தாண்டினா அஞ்செட்டிக்காரருக்கு என்ன?

தினமும் அஞ்செட்டியிலிருந்து தேன்கனிக்கோட்டை வழியா ஓசூருக்கு ஷிஃப்ட் போறவங்களா நீங்க? "சம்பளம் ரூபாயில வருது, செலவும் ரூபாயில பண்றேன். டாலர் ஏறினா எனக்கென்ன?" இந்தக் கேள்வியை நிறைய பேர் கேட்கறீங்க. நியாயமான கேள்விதான். பதிலை எளிமையா பார்த்துடலாம்.

நோட்டுக்குப் பின்னாடி தங்கம் இருக்கா?

நாம அச்சடிக்கிற நோட்டு அளவுக்கு ரிசர்வ் வங்கியில தங்கம் இருக்குன்னு பலர் நினைக்கிறாங்க. அப்படி இல்லை. 1957-லிருந்து சட்டப்படி தேவைப்படுறது தங்கமும் வெளிநாட்டுப் பத்திரங்களும் சேர்த்து குறைந்தபட்சம் 200 கோடி ரூபாய். அதுல 115 கோடி தங்கமா இருக்கணும், அவ்வளவுதான். கையிருப்பு இதைவிடப் பல மடங்கு அதிகம், அது வேற விஷயம். ஆனா ரூபாயை உண்மையில தாங்குறது நாடு என்ன உற்பத்தி பண்ணுது, என்ன விக்குது, என்ன வாங்குது, விலைவாசி எவ்வளவு கட்டுக்குள்ள இருக்கு என்பதுதான்.

அந்த நம்பிக்கை ஆடினா என்ன ஆகும்? 1991-ல அந்நியச் செலாவணி சில வார இறக்குமதிக்கு மட்டுமே மிச்சம். சுமார் 47 டன் தங்கத்தை இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகள்ல அடகு வெச்சோம். ஜூலை 1, 3 தேதிகள்ல ரூபாய் மதிப்பு இரண்டு கட்டமா குறைக்கப்பட்டது. பக்கத்துல இலங்கையைப் பாருங்க: 2022 தொடக்கத்துல டாலருக்கு சுமார் 200 இலங்கை ரூபாய், சில மாசத்துல 360-ஐ ஒட்டிப் போயிடுச்சு. பெட்ரோலுக்கு நாள்கணக்குல வரிசை.

உங்க பாக்கெட்டுக்கு எப்படி வருது?

2005 கடைசியில டாலர் சுமார் 45 ரூபாய். 2025 டிசம்பர்ல முதல் முறையா 90-ஐத் தாண்டிச்சு. 20 வருஷத்துல இரண்டு மடங்கு, அதாவது வருஷத்துக்கு சராசரியா 3.5%. ஒரே நாள்ல சரிவு இல்லை, மெதுவான தேய்மானம்.

நாம கச்சா எண்ணெய்ல 85 சதவீதத்துக்கு மேல இறக்குமதி பண்றோம். சமையல் எண்ணெய்ல பாதிக்கு மேல. தங்கம் கிட்டத்தட்ட முழுசும். பம்ப் விலை உடனே ஏறலைன்னாலும், லாரி வாடகை, பிளாஸ்டிக், உரம்னு சுத்திச் சுத்தி உங்க மளிகை பில்லுக்கு வந்துடும்.

தம்பியோ தங்கச்சியோ வெளிநாட்டுல படிக்கப் போறாங்கன்னு வெச்சுக்கங்க. கட்டணம் 20,000 டாலர். டாலர் 83-ல இருந்தப்போ 16.6 லட்சம். 90-ல 18 லட்சம். படிப்பு அதேதான், கூடுதல் 1.4 லட்சம்.

மறுபக்கமும் இருக்கு. ஓசூர்ல தயாராகுற டூவீலர், போன் பாகங்கள், ஏன் ரோஜாப்பூ கூட வெளிநாடு போகுது. டாலர் ஏறினா ஏற்றுமதியாளருக்குக் கூடுதல் ரூபாய். ஆனா சிப், மெஷின் பாகங்களை இறக்குமதி பண்ற கம்பெனிக்கு அந்த லாபம் கரைஞ்சிடும். உங்க கம்பெனி எந்தப் பக்கம்னு தெரிஞ்சுக்கிட்டா, இன்க்ரிமென்ட், ஓவர்டைம் நிலவரம் கொஞ்சம் புரியும்.

இந்த வலையில விழாதீங்க

"ரூபாய் விழுது, டாலர்ல டிரேட் பண்ணி தினம் 2,000 சம்பாதிங்க"ன்னு டெலிகிராம்ல மெசேஜ் வரும். உஷார்! இந்தியாவுல இருக்கறவங்க அந்நியச் செலாவணி வர்த்தகத்தை அங்கீகாரம் பெற்றவங்க மூலமாவும், அனுமதிச்ச காரணங்களுக்காகவும் மட்டும்தான் பண்ணலாம். அனுமதியில்லாத தளங்களோட எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பர்லிருந்து வெளியிடுது. பட்டியல்ல பேர் இல்லைங்கிறதால அது சட்டப்படியானதுன்னு அர்த்தம் இல்லை. ஃபெமா சட்டத்துல, சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூணு மடங்கு வரை அபராதம் வரலாம். ஏமாந்த பணமும் போகும், மேல அபராதமும் வரும்.

அப்போ என்ன பண்ணலாம்?

1. ஆறு மாச செலவுக்கான பணம் வங்கியில, ரூபாயிலயே இருக்கட்டும். இது அவசரத்துக்கு, லாபத்துக்கு இல்லை.
2. மீதி சேமிப்பு முழுசையும் எஃப்.டி.யிலயே போடாதீங்க. விலைவாசி வருஷம் 6% ஏறினா, 12 வருஷத்துல 100 ரூபாய் பொருள் 200 ஆகிடும். நீண்டகாலப் பணத்துல ஒரு பங்கு, இண்டெக்ஸ் ஃபண்ட் எஸ்.ஐ.பி.யில போகட்டும்.
3. தங்கம் சின்ன அளவுல போதும். ரூபாய் விழும்போது அது ஓரளவு தாங்கும்.
4. வெளிநாட்டுப் படிப்புத் திட்டம் இருந்தா, இன்றைய ரேட்டுல கணக்குப் போடாதீங்க. வருஷத்துக்கு 3-4% கூட்டிப் போடுங்க.

டாலர் ரேட்டை தினமும் பார்த்து பயப்பட வேண்டியதில்லை. அதை நீங்களும் நானும் மாத்த முடியாது. உங்க சம்பளமும் சேமிப்பும் விலைவாசியைவிட வேகமா வளருதான்னு வருஷத்துக்கு ஒரு தடவை உட்கார்ந்து கணக்குப் பாருங்க. அதுதான் உங்க கையில இருக்கிற விஷயம்.