பழைய செயின் டிராக்டரில் பிரேக் பிடிக்கவில்லையா? நட்டை இறுக்கும் முன் பார்க்க வேண்டியவை

செம்பனைத் தோட்டத்துப் பட்டறையானாலும் சிறு குத்தகையாளரின் கொட்டகையானாலும், பழைய செயின் டிராக்டர் ஒன்று கிடந்தால் அதை எளிதில் கழித்துவிட மாட்டார்கள். கேட்டர்பில்லர் டி2, டி4 போன்ற 1940, 1950களின் வண்டிகள் அந்த அளவுக்கு உறுதியானவை. எஞ்சினைப் பராமரித்தால் இன்றும் பாதை வெட்டும், கட்டை இழுக்கும். ஆனால் எஞ்சின் கெட்டால் வேலைதான் நிற்கும். மேட்டில் பிரேக் கெட்டால் ஆள் உயிருக்கே ஆபத்து.

பிரேக் சரியில்லை என்று டிரைவர் சொன்னதும் பலருக்கும் கை முதலில் போவது சரிசெய்யும் நட்டுக்குத்தான். இறுக்கினால் இரண்டு நாள் பிடிக்கும், மூன்றாம் நாள் பழைய கதைதான். காரணம், பல நேரங்களில் குறை அந்த நட்டில் இருப்பதே இல்லை.

பிரேக் இல்லையேல் திருப்பம் இல்லை

லாரிக்கு பிரேக் நிற்பதற்கு மட்டும். செயின் டிராக்டருக்கோ அது திரும்புவதற்கும் வேண்டும். இந்த வண்டிகளில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு ஸ்டீயரிங் கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. இடது லீவரை இழுத்தால் இடது செயினுக்குப் போகும் எஞ்சின் விசை துண்டிக்கப்படும். இடது பெடலை மிதித்தால் கிளட்சின் வெளி டிரம்மைச் சுற்றியுள்ள பிரேக் பட்டை அதை இறுக்கிப் பிடிக்கும். இடது செயின் நிற்க, வலது செயின் ஓட, வண்டி இடப்பக்கம் திரும்பும்.

ஆகவே பிரேக் பிடிக்கவில்லை என்ற புகாருக்கு இரண்டு பொருள் உண்டு. பட்டை வழுக்கலாம்; அல்லது கிளட்ச் முழுதாக விடாமல், எஞ்சினே பிரேக்கை எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருக்கலாம்.

பிரித்தறிய ஒரு சோதனை

சமதளத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், முதல் கியரில் மெதுவாக ஓட்ட வேண்டும். ஒரு லீவரை முழுதாக இழுத்து, அதே பக்கப் பெடலை மிதிக்க வேண்டும். அந்தப் பக்கச் செயின் நின்று வண்டி திரும்பினால் குறையில்லை. எஞ்சின் திணறாமல் ஓட, செயினும் நகர்ந்துகொண்டே இருந்தால் பட்டை வழுக்குகிறது. பெடலை மிதித்ததும் எஞ்சின் நின்றுவிடுவதுபோல் திணறினால் கிளட்ச் விடவில்லை என்று சந்தேகிக்கலாம். அப்போது பார்க்க வேண்டியது லீவரின் தளர்வு. அந்த அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். பிறகு மறுபக்கத்தையும் இதேபோல் சோதிக்க வேண்டும்.

பெடல் அடிவரை போனால்

இது பெரும்பாலும் லைனிங் தேய்மானம். கையேட்டு அளவுப்படி நட்டைச் சரிசெய்தால் போதும். ஆனால் நட்டு மரையின் கடைசிவரை வந்துவிட்டாலோ ரிவெட் தலைகள் வெளியே தெரிந்தாலோ லைனிங்கை மாற்றியே ஆக வேண்டும். ரிவெட் உரசினால் டிரம்மில் பள்ளம் விழும். பிறகு புது லைனிங்கும் நிலைக்காது.

இரு பக்கமும் ஒரே அளவில் இருப்பது முக்கியம். ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் விட்டால், சரிவில் வண்டி பிடித்த பக்கத்தை மையமாக வைத்துச் சுழன்றுவிடும்.

பெடல் கெட்டியாக இருந்தும் வழுக்கினால்

இதற்கு முதல் காரணம் எண்ணெய். இந்தப் பழைய வண்டிகளின் கிளட்சும் பிரேக்கும் உலர்ந்த அறையில் இயங்குபவை. அறையின் அடியில் உள்ள டிரெயின் பிளக்கைக் கழற்றினால் எண்ணெய் வழியக் கூடாது. வழிந்தால் ஏதோ ஒரு சீல் போய்விட்டது. எந்த சீல் என்பதை எண்ணெய் அளவே காட்டிக்கொடுக்கும். கியர்பாக்ஸ் பக்கம் அளவு குறைந்தால் நடுவிலுள்ள பெவல் கியர் அறையின் சீல். ஃபைனல் டிரைவில் குறைந்தால் அந்தப் பக்கத்து சீல்.

கிளட்ச் அறையை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி வடிப்பது பழைய முறை. செய்வதானால் எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், திறந்த வெளியாக இருக்க வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. பெட்ரோலை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. கழுவுவதும் தற்காலிகத் தீர்வுதான். சீலை மாற்றாவிட்டால் எண்ணெய் திரும்பவும் வரும். பின்னாளில் வந்த சில மாடல்களில் பிரேக் எண்ணெயிலேயே இயங்கும். அவற்றில் எண்ணெய் இருப்பது குறையல்ல. ஆகவே முதலில் மாடலை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

மழையில் நின்ற வண்டி

நம் நாட்டு மழைக்கு மூடியில்லாமல் மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில், தண்ணீர் உள்ளே இறங்கி கிளட்ச் தட்டுகள் துருவால் ஒட்டிக்கொள்ளும். லீவரை இழுத்தாலும் கிளட்ச் விடாது. பிரேக் இணைப்புகளும் துருவேறி, மிதித்த பெடல் திரும்பி வராது. அப்படிப்பட்ட வண்டியைக் கிளப்பியதும் நேராக வேலைக்கு அனுப்பக் கூடாது.

திரும்பி வராத பெடல் பட்டையை உரசிக்கொண்டே இருக்க வைக்கும். ஒரு மணி நேர வேலைக்குப் பிறகு ஒரு பக்கம் மட்டும் அதிகம் சூடேறி, கருகல் வாடை வந்தால் காரணம் இதுதான். திரும்பு ஸ்பிரிங் உடைந்திருக்கலாம். அல்லது நட்டை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கலாம்.

சரிவில் எல்லாம் தலைகீழ்

புதிய டிரைவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. சரிவில் இறங்கும்போது வண்டியின் எடையே அதைத் தள்ளும். எஞ்சின் இழுத்துப் பிடிக்கும். அந்த நேரத்தில் இடது லீவரை மட்டும் இழுத்தால் இடது செயின் தடையின்றி வேகமாக உருளும். வண்டி இடப்பக்கம் போகாமல் வலப்பக்கம் திரும்பிவிடும். பெடலை மிதித்தால்தான் நினைத்த பக்கம் திரும்பும். அந்த பிரேக் வழுக்கினால் டிரைவரிடம் திசையும் இல்லை, வேகமும் இல்லை.

நிறுத்துவதிலும் கவனம் வேண்டும். சூடான டிரம் சற்று விரிந்திருக்கும்; ஆறும்போது சுருங்கி, பட்டையின் பிடி தளரும். பெடலைப் பூட்டிவிட்டுச் சரிவில் இறங்கிச் செல்வது ஆபத்து. பிளேடு இருந்தால் தரையில் இறக்கி, செயினுக்குக் கட்டை வைக்க வேண்டும். பழுது பார்ப்பதும் சமதளத்தில்தான்.

பழைய லைனிங்கில் கல்நார் கலந்திருக்கலாம். கம்ப்ரஸர் காற்றால் தூசியை ஊதக் கூடாது. ஈரத்துணியால் துடைத்து, தகுந்த முகக்கவசம் அணிய வேண்டும்.

ஓட்டுபவருக்கும் உரிமை உண்டு

1994ஆம் ஆண்டுத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி இயந்திரத்தைப் பாதுகாப்பான நிலையில் வைத்திருப்பது முதலாளியின் கடமை. 2024 ஜூன் 1 முதல் நடப்பிலுள்ள திருத்தத்தின்படி, உடனடி ஆபத்து உண்டென நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்து, அதை நீக்க முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளலாம். பிரேக் வழுக்கும் வண்டியை மேட்டில் ஏற்ற மறுப்பவரைப் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்வது தவறு. காலையில் எஞ்சினைக் கிளப்பியதும் சமதளத்தில் இரு பக்கத்தையும் ஒருமுறை சோதித்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.