பெட்டகமும் மீகாமனும்

நல்விதையாயினும் பண்படா நிலத்தில் விளைவதில்லை. கணிப்பொறியை இயக்கும் மென்பொருளும் அத்தன்மையதே. எழுதியவரின் கணிப்பொறியில் பழுதின்றி இயங்கிய நிரல், பிறிதொன்றில் இயங்காது நின்றுவிடுதல் உண்டு. அதற்குத் தேவையான துணை நிரல்களுள் ஒன்று குறையினும், அமைவுக் குறிப்பில் ஓர் எண் பிறழினும் இவ்விடர் நேரும். வங்கி, இருப்புப்பாதை முதலியவற்றின் பணிகளோ பல நிரல்கள் பல கணிப்பொறிகளில் ஒருங்கே இயங்குவதால் நடைபெறுவன. அவற்றை ஒவ்வொன்றாகக் கையால் நிறுவுங்கால், சிறு மறதியும் பெருங்கேடு விளைக்கும்.

இதற்குச் சான்று ஒன்று உண்டு. 2012ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் என்னும் பங்கு வணிக நிறுவனம், எட்டுக் கணிப்பொறிகளில் புதிய நிரலை நிறுவ முற்பட்டது. ஏழில் நிறுவினர்; எட்டாவது விடுபட்டது. ஆகஸ்டு முதல் நாள், புதிய நிரலுக்கென வந்த கட்டளை, அந்த எட்டாவதில் உறங்கிக் கிடந்த பழைய நிரலை எழுப்பிவிட்டது. அது பங்குகளை அளவின்றி வாங்கியும் விற்றும் குவித்தது. முக்கால் மணி நேரத்தில் 40 கோடி டாலருக்கு மேல் இழப்பு நேர்ந்தது.

இவ்விடர் நீங்க வழி யாது? துறைமுகம் ஒரு வழி காட்டிற்று. முன்னர் மூட்டைகளையும் பீப்பாய்களையும் தனித்தனியே கப்பலில் ஏற்றி வந்தனர். 1956ஆம் ஆண்டில் மால்கம் மெக்லீன் என்பார், 58 பெட்டகங்களில் சரக்கை அடைத்து, ஒரே கப்பலில் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். பின்னர்ப் பெட்டகங்களுக்குப் பொது அளவும் வகுக்கப்பட்டது. உள்ளிருப்பது யாதாயினும் ஏற்றும் முறை ஒன்றே ஆயிற்று.

2013ஆம் ஆண்டில் வெளிவந்த டாக்கர் என்னும் கருவி, இம்முறையை மென்பொருளுக்கும் எளிதாக்கியது. நிரலும் அதன் துணை நிரல்களும் ஒரே பெட்டகமாகக் கட்டப்படுகின்றன. இடத்துக்கு இடம் மாறும் அமைவுக் குறிப்புகள் மட்டும் தனியே எழுதித் தரப்படுகின்றன.

பெட்டகங்கள் பெருகின், அவற்றைச் செலுத்துவோன் வேண்டுமன்றோ? 2014ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனம் குபெர்னெட்டிஸ் என்னும் மென்பொருளை வெளியிட்டது. கிரேக்க மொழியில் அப்பெயருக்கு மீகாமன் என்பது பொருள். "இப்பெட்டகம் எட்டு இயங்குக" என எழுதிவைத்தால், அது எழுதியதையும் நடப்பதையும் இடையறாது ஒப்புநோக்கும். ஒன்று வீழ்ந்தால் மற்றொன்றைத் தானே எழுப்பும். எட்டாவதை மறத்தல் அதற்கு இல்லை.

எனினும், எழுதியதே பிழையாயின், மீகாமன் அப்பிழையையும் தவறாது நிறைவேற்றும். எனவே கட்டளையைப் பிறரும் படித்துத் திருத்திய பின்னரே அதனிடம் ஒப்படைத்தல் வேண்டும். மனத்தில் மட்டும் இருந்த செய்முறை ஏட்டில் ஏறியதால், அத்திருத்தமும் இன்று எளிதாயிற்று.