கஞ்சித் தண்ணியும் கணக்குதான்

திருவையாற்று அக்கா டீயைத் தொடவே இல்லை. அடுத்த வாரம் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் 6 வயதுப் பேரனுக்கு டான்சில் ஆபரேஷன். "முடிஞ்சதும் வாந்தி எடுப்பானாமே. மயக்க மருந்து வெளிய வர்றதுதானே, நல்லதுதானே?"

இல்லக்கா. மயக்க வாயு மூச்சோடு போய்விடும்; வாந்தியில் வராது. தொண்டையில் கசியும் ரத்தத்தைப் பிள்ளை விழுங்கிவிடுகிறான், அதை வயிறு ஏற்காது. மயக்க வாயுவும் மார்ஃபின் வகை வலி மருந்தும் குமட்டலைக் கிளப்பும். தடுப்பு மருந்து இல்லையென்றால் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள். புண்ணான தொண்டையோடு அது கொடுமை.

தடுக்கலாம். மயக்கத்தில் இருக்கும்போதே டெக்ஸாமெத்தசோன் ஒரே ஊசி. வலியையும் சேர்த்துக் குறைக்கும். கூடவே ஆன்டான்செட்ரான், கடையில் எமிசெட் என்று வாங்குகிறோமே, அதேதான். எது, எவ்வளவு என்பது மயக்க டாக்டர் முடிவு.

ஆனால் அவருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியும். பையன் பஸ்ஸில் வாந்தி எடுப்பானா?

"கண்டியூர் தாண்டுறதுக்குள்ள! அவங்க அம்மாவும் அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் முடிஞ்சு ராத்திரி முழுக்க எடுத்தா."

இரண்டையும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். இப்படிப்பட்ட பிள்ளைக்கு வாந்தி வர வாய்ப்பு அதிகம். மருந்தைக் கூட்டிக் கொடுப்பார்கள்.

இன்னொன்று, நம் ஊருக்கே உரியது. வெறும் வயிறு என்றால் சோறு கூடாது என்றுதான் நினைக்கிறோம். கஞ்சித் தண்ணியை யாரும் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. ஆனால் பாலும் கஞ்சித் தண்ணியும் 6 மணி நேரம் முன்னாலேயே நிற்க வேண்டும். மயக்கத்தில் மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. மனசு கேட்காமல் ஒரு வாய் கொடுத்திருந்தால் மறைக்காதீர்கள், ஆபரேஷன் நாளைத் தள்ளி வைத்தாலும் பரவாயில்லை. அதற்காக ராத்திரியிலிருந்து நாக்கு வறளவும் விட வேண்டாம். வெறும் தண்ணீர் பொதுவாக 2 மணி நேரம் முன்புவரை கொடுக்கலாம். எதற்கும் டாக்டரிடம் நேரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கண் விழித்ததும் "ஒரு வாய் குடிடா கண்ணு" என்று கெஞ்சாதீர்கள். அவனே கேட்டால் கொடுங்கள். அதுவரை ட்ரிப்ஸ் போதும். வற்புறுத்திக் குடிக்க வைத்தால்தான் வாந்தி கூடும்.

"ரத்தமா எடுத்தா?"

கருஞ்சிவப்பாக ஒருமுறை வந்தால் விழுங்கிய பழைய ரத்தமாக இருக்கலாம். அதையும் நர்ஸிடம் காட்டுங்கள். பளிச்சென்ற சிவப்போ, தூக்கத்தில் எச்சில் விழுங்குவதுபோல் விடாமல் விழுங்குவதோ தெரிந்தால் அப்போதே கூப்பிடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகும் 2 வாரத்துக்கு இதைக் கவனிக்க வேண்டும். ராத்திரி எந்நேரமானாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் வண்டி ஏறிவிடுங்கள்.