கதை கேட்டால் "தவளை குதிக்கும்" என்கிறான்!

செல்போன் படப் புத்தகம்: பிள்ளைகள் படிக்கிறார்களா, தட்டுகிறார்களா?

சாகுபுரம்:

முன்பெல்லாம் ரசாயன ஆலையில் ஷிப்டு முடிந்து அப்பா வீட்டுக்கு வந்தால், மக்ரூன் பொட்டலம் இருக்கிறதா என்று பிள்ளைகள் கையைப் பார்ப்பார்கள். இப்போது சட்டைப் பையைத்தான் தடவுகிறார்கள். உள்ளே செல்போன் இருக்கிறதே!

சாகுபுரம் பக்கம் ஒரு மளிகைக் கடை. அரிசி மூட்டை மேல் ஏறி உட்கார்ந்து, அண்ணாச்சியின் 6 வயதுப் பேரன் போனைத் தட்டோ தட்டு என்று தட்டிக் கொண்டிருந்தான்.

"என்ன தம்பி, சினிமாவா?"

"இல்ல சார், கதைப் புஸ்தகம்!"

"என்ன கதை?"

"தவளை குதிக்கும்."

"அப்புறம்?"

"மறுபடியும் குதிக்கும்!"

அவ்வளவுதான் கதை! படத்தைத் தொட்டால் தவளை "டொப்" என்று குதிக்கிறது. 10 தடவை தொட்டால் 10 தடவை. கீழே இருக்கிற எழுத்துப் பக்கம் பையன் கண்ணே போகவில்லை.

பழைய வேடிக்கைதான்

இது இன்று நேற்று வந்தது அல்ல. 1992-லேயே அமெரிக்காவில் புரோடர்பண்ட் கம்பெனி கம்ப்யூட்டரில் இப்படிக் கதைப் புத்தகம் போட்டது. படத்தில் எதை அமுக்கினாலும் ஒரு கூத்து நடக்கும்.

2015-ல் டாகாக்ஸ், ஸ்வார்ட், பஸ் என்ற 3 ஆராய்ச்சியாளர்கள் 43 ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள். கதையோடு ஒட்டி வரும் அசைவும் சத்தமும் பிள்ளைக்கு உதவுகிறது. தொட்டு ஆடும் விளையாட்டு நுழைந்தால் கவனம் சிதறி, அந்த லாபம் போய்விடுகிறது என்று கண்டார்கள்.

2019-ல் மிச்சிகனில் 37 பெற்றோரையும் அவர்களது குழந்தைகளையும் கவனித்தார்கள். காகிதப் புத்தகம் என்றால் கதையைப் பற்றி நிறையப் பேசினார்களாம். கருவி வந்ததும் அந்தப் பேச்சு குறைந்தது.

காசு வேண்டாம்

அதற்காகப் போனைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. உப்பளத்துக்குப் போகிற வீட்டில் படப் புத்தகம் வாங்கக் காசுக்கு எங்கே போவது?

பெங்களூரு பிரதம் புக்ஸ் 2015 செப்டம்பர் 8-ந் தேதி தொடங்கிய "ஸ்டோரி வீவர்" இணையதளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். இறக்கி வைத்துக் கொள்ளலாம். பிரிண்டும் எடுக்கலாம். சில கதைகளில் குரல் படிக்கப் படிக்க, அந்தந்த வார்த்தை நிறம் மாறும். தவளை குதிக்காது!

அண்ணாச்சியின் மருமகளிடம் அதைக் காட்டினேன். மகனை மடியில் இழுத்துப் போட்டு, வரிக்கு வரி விரல் வைத்து வாசித்தார். பையன் சும்மா இருக்கவில்லை. "ஏன்மா அழுவுது?" "அதோட அம்மா எங்க?" என்று கேள்வி மேல் கேள்வி. தவளை குதித்தபோது ஒரு கேள்விகூடக் கேட்காதவன்!

எவ்வளவு நேரம் காட்டலாம்? 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லி இருக்கிறது. இவன் 6 வயதுக்காரன். இவனுக்குக் கணக்கை அண்ணாச்சி வைத்திருக்கிறார். கடைக்கும் வீட்டுக்கும் அந்த ஒரு போன்தான்!

சர்க்கரை வாங்கியவர் ஸ்கேன் செய்தார். பணம் வந்ததா என்று பார்க்க அண்ணாச்சி கையை நீட்டினார்.

"தாத்தா, இன்னும் 4 பக்கம் இருக்கு!"

"அடுத்த ஆள் வர்றதுக்குள்ள படிச்சு முடில!"